கரமடிப் பங்கும் நாலு பேர் அட்டையும்

திருவனந்தபுரம் விமான நிலையத்தில், இரும்பு சோதிக்கிற வாசலுக்குள் என் அக்கா நுழைந்ததும் அது கத்தியது. திரும்பிப் போகச் சொன்னார்கள், போனாள். மறுபடியும் வந்தாள், மறுபடியும் கத்தியது. மூன்று வயதில் வந்த போலியோவால் அக்காவின் வலது காலில் தொடையிலிருந்து பாதம் வரை கம்பியும் தோல்வாரும் பூட்டிய காலிப்பர் உண்டு. பெண் காவலர் சேலை ஓரத்தைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்துவிட்டு, "சாரி சேச்சி" என்றார்.

"சாரமில்ல பிள்ளே, இதுக்கும் சேத்துதான் டிக்கெட்டு எடுத்தது" என்றாள் அக்கா. பின்னால் நின்றவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். எனக்குத்தான் முகம் சூடாகிப் போனது. நான் வழக்கம்போல இரண்டடி முன்னால் நடந்து, கைப்பைகளை எடுக்கப் போய்விட்டேன்.

அக்கா பெயர் ரோஸ்லின். குளச்சலில் தையல் கடை வைத்திருக்கிறாள். காலால் மிதிக்க முடியாததால் மெஷினுக்கு மோட்டார் போட்டிருக்கிறாள்; எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளில் பாதிப் பேர் அவள் தைத்த பாவாடையோடுதான் வகுப்புக்கு வருகிறார்கள். நான் ஜெசி, அவளைவிட ஆறு வயது இளையவள், இங்கிலீஷ் டீச்சர். எங்கள் தம்பி பிரிட்டோ துபாயில் கப்பல்களை இழுக்கிற படகில் வேலை பார்க்கிறான். "ரெண்டு பேரும் ஒரு வாரம் வந்து நில்லுங்க" என்று அவன் வருடக்கணக்காகக் கூப்பிட்டு, அந்த வருடம் விசாவையே அனுப்பிவிட்டான்.

என்ன வேண்டும் என்று அவன் போனில் கேட்டபோது நான் பெரிய பட்டியலே வைத்திருந்தேன். அக்கா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "மக்கா, அங்க தலைகீழா ஓடுத வண்டி உண்டாமே. அதுல என்னை ஒருக்கா ஏத்தி விடு. வேற ஒண்ணும் வேண்டாம்."

அவளுக்கு நாற்பத்து நாலு வயது. எங்கள் மாதா கோயில் திருவிழாவுக்கு வருடம் தவறாமல் ராட்டினம் வரும். வருடம் தவறாமல் அக்கா போய் நிற்பாள். "காலு வய்யாத்த பிள்ளைய ஏத்த மாட்டோம், விழுந்தா எங்களுக்குத்தான் கேடு" என்று ராட்டினக்காரர்கள் சொல்வார்கள். பன்னிரண்டு வயதில் அழுதாள், இருபதில் சண்டை போட்டாள், முப்பதுக்கு மேல் கேட்பதையே விட்டுவிட்டாள். விட்டுவிட்டாள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

முதல் நாள் முழுக்கச் சாப்பாடுதான். பிரிட்டோவின் கூட்டாளி ஒருவன் குடும்பத்தை ஊருக்கு அனுப்பியிருந்ததால் அவன் வீட்டுச் சமையலறை எங்களுக்குக் கிடைத்தது. நாங்கள் ஊரிலிருந்து சுட்டுக் கொண்டுபோன முந்திரிக்கொத்துப் பலகாரத்தில் இரண்டு டப்பாவைப் படகுக்காரர்கள் நின்ற நிலையிலேயே தின்று தீர்த்தார்கள். மூன்றாவது டப்பாவை அக்கா தன் சீலைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தாள்.

சாயங்காலம் மீன் மார்க்கெட்டுக்குப் போனோம். அறை முழுக்கக் குளிரூட்டி, தரையில் ஒரு செதில் கிடையாது, காக்கா கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது. அக்காவுக்கு அது மார்க்கெட் மாதிரியே தெரியவில்லை. ஒரு நெய்மீனின் செவுளை விரலால் தூக்கிப் பார்த்து, விற்கிறவரிடம், "இது எப்பம் பிடிச்சது?" என்று கேட்டாள். அவர் கோழிக்கோட்டுக்காரர். "சேச்சி குளச்சலா?" என்று கேட்டு, உள்ளே போய் வேறு மீன் எடுத்து வந்தார். அந்தக் குழம்பின் வாசனை இரண்டு நாள் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை.

இரண்டாம் நாள் மெட்ரோ. பெண்கள் பெட்டியில் ஏறினோம். காலிப்பர் சத்தம் கேட்டதுமே ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். கொடுத்துவிட்டு அக்காவின் காலைப் பார்க்காமல் தன் போனைப் பார்த்தாள். நம்மூர் பஸ்ஸில் ஊனமுற்றோர் என்று எழுதிய சீட்டில் இருப்பவருக்கு மட்டும் ஜன்னலுக்கு வெளியே எப்போதும் ஏதாவது முக்கியமாகத் தெரியும். எழுப்பினால் எழுந்துவிட்டு, "எப்பிடிம்மா வந்தது? பிறவியிலேயா?" என்று நாகர்கோவில் வரைக்கும் கேட்டுக்கொண்டு வருவார். அக்கா கதவு திறப்பதையும் மூடுவதையும் பார்த்துக்கொண்டே, இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல், கடைசி நிறுத்தம் வரைக்கும் என்னைக் கூட்டிப்போனாள்.

மூன்றாம் நாள்தான் அந்தப் பூங்கா. பிரிட்டோவுக்கு ஒரே ஒரு நாள் லீவு, அதனால் அன்றைக்கு விட்டால் கிடையாது. பெயர் வேண்டாம், போனவர்களுக்குத் தெரியும். "எனக்கு வழி தெரியும், பேசாம வாங்க" என்று அவன் எங்களை ஏற்றிய பஸ், ரோட்டின் எதிர்ப்பக்கம் போகிற பஸ். ஒரு மணி நேரம் கழித்து சிமென்ட் மூட்டைகள் அடுக்கிய ஒரு கொட்டகை முன்னால் இறங்கினோம். பெரிய பெரிய கப்பலைத் துறைமுகத்துக்குள் கொண்டு நிறுத்துகிறவன், பஸ் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கத் தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "ஏலே, இதுதான் தலைகீழா ஓடுத எடமா?" என்று அக்கா கேட்டாள். அங்கே ஒரு தள்ளுவண்டியில் ஏலக்காய் டீயும் பரோட்டாவும் அடித்துவிட்டுத் திரும்பினோம். பரோட்டா நன்றாகத்தான் இருந்தது.

பூங்கா வாசலில், நடக்க முடியாதவர்களுக்குத் தனி அட்டை கொடுப்பார்கள் என்று பிரிட்டோ விசாரித்து வைத்திருந்தான். எனக்கு ஒரே குஷி. திருவிழாவில் கொடியேற்றுகிறவர்களைக் கூட்டத்தை விலக்கி அழைத்துப் போவார்களே, அதுபோல எல்லாவற்றுக்கும் முதல் ஆளாகப் போய் உட்காரலாம் என்று கணக்குப் போட்டேன். நாகர்கோவில் முகாமில் டாக்டர் எழுதிக் கொடுத்த சான்றிதழை இரண்டு நகல் எடுத்து, உறை போட்டுக் கொண்டுபோயிருந்தேன்.

கவுன்டரில் இருந்த பெண் அதை வாங்கி ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள். அக்காவை நேராகப் பார்த்து, "வரிசையில் நிற்பதில் உங்களுக்கு என்ன சிரமம்?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

நான் சொல்ல வாயெடுத்தேன். "அவ என்ன கேட்டா?" என்றாள் அக்கா. சொன்னேன். அக்கா தொடையில் கை வைத்துக் காட்டினாள். பிறகு சொன்னாள்: "ரொம்ப நேரம் நின்னா இந்த வாரு தொடையில அறுக்கும். நல்ல காலு மரத்துப் போவும். பிறகு எனக்கு எதப் பாத்தாலும் எரிச்சலு வரும். அப்பிடியே சொல்லு."

எனக்கு அது ஒன்றுமே தெரியாது. முப்பத்தெட்டு வருடம் ஒரே வீட்டுச் சோறு தின்று வளர்ந்தவள் நான். தெரியாததை இங்கிலீஷில் சொன்னேன்.

அட்டை கிடைத்தது. ஆனால் என் கணக்கு பொய்த்தது. முதல் ஆளாகப் போகிற கதையே இல்லை. வரிசை முக்கால் மணி நேரம் என்றால் அட்டையில் முக்கால் மணி கழித்து ஒரு நேரத்தை எழுதித் தருவார்கள். அதுவரை நிழலில் இருக்கலாம், தின்னலாம். நேரமானதும் பக்கத்து வாசலில் போக வேண்டும். அட்டைக்காரரோடு இன்னும் மூன்று பேர், மொத்தம் நாலு. எனக்கு முகம் தொங்கிவிட்டது. அக்காவோ அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது கொள்ளாமே, நல்ல ஏற்பாடு. ஒருத்தருக்க மேலயும் ஏறிப் போவாண்டாம். எனக்கு நிக்கத்தான முடியாது, இருக்க முடியுமே."

அங்கேயே சக்கர நாற்காலியும் கொடுத்தார்கள். ஊரில் அந்தப் பேச்சை எடுத்தாலே கத்தரிக்கோலை எடுக்கிறவள், அன்றைக்குத் தானாகப் போய் உட்கார்ந்து, "லே பிரிட்டோ, விடு வண்டிய" என்றாள்.

முதலில் சின்னச் சின்ன விளையாட்டுகள். இருட்டுக் குகைக்குள் படகு போனது. அதில் பொம்மைத் திமிங்கலம் வாயைத் திறந்ததும் நான் போட்ட கூச்சலில் முன்படகில் இருந்த சீனக் குடும்பம் திரும்பிப் பார்த்தது. பிறகு சுழலும் டீக் கோப்பை. அக்கா நடுவில் இருந்த சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பு திருப்பென்று திருப்பினாள். காலுக்குச் சேர்த்துக் கையில் பலம் உள்ளவள். புயலிலும் கடலில் கிடக்கிற எங்கள் தம்பி, கோப்பையை விட்டு இறங்கி ஒரு செடியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான்.

தலைகீழ் வண்டிக்கான வாசல் ஒரு நீளமான ஏற்றத்தின் உச்சியில் இருந்தது. "நீங்க போயிட்டு நேரம் எழுதி வாங்குங்க, பின்னால வாறேன்" என்று பிரிட்டோ பெஞ்சில் படுத்துவிட்டான். நான் பூங்காவின் படத்தை விரித்துக்கொண்டு, பையும் கேமராவும் தோளில் ஆட, முன்னால் நடந்தேன். வழி கண்டுபிடிப்பது என் பொறுப்பு என்று எனக்கு நானே வைத்துக்கொண்டது. அக்கா சக்கரத்தைத் தன் கையாலேயே உருட்டிக்கொண்டு வருவாள் என்று நினைத்தேன்.

"ஏட்டி" என்ற சத்தம் கேட்டுத் திரும்பினால் நாற்காலி பின்னால் உருள்கிறது. நான் ஓடுவதற்குள் ஒரு குள்ளமான பெண் அதை முதுகு கொடுத்து நிறுத்திவிட்டாள். பிலிப்பைன்ஸ்காரி, பெயர் லோர்னா. ஒரு வீட்டில் குழந்தை பார்க்கிற வேலை, மாதத்தில் ஒரு நாள் அவளுக்கு ஓய்வு. நிறுத்தியவள் அப்படியே தள்ளவும் தொடங்கினாள். பாதி ஏற்றத்தில் தண்ணீர் போகிற கம்பிச் சட்டத்துக்குள் முன்சக்கரம் மாட்டிக்கொண்டது. வெள்ளைத் துணியில் நீளச் சட்டை போட்ட ஒரு பட்டாணியர், லாரி ஓட்டுகிற கான் பாய், ஒன்றும் பேசாமல் வந்து, அக்காவையும் நாற்காலியையும் சேர்த்துத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார். பிறகு அவரும் ஒரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

மேலே போனதும் அட்டையில் நேரம் எழுதித் தந்தார்கள், ஐம்பது நிமிடம் கழித்து. நான் இருவருக்கும் மூன்று மொழியில் நன்றி சொல்லி அனுப்பப் பார்த்தேன். அக்கா ஒளித்துக் கொண்டுவந்த முந்திரிக்கொத்து டப்பாவை அப்போதுதான் திறந்தாள்.

"அவங்களயும் நிக்கச் சொல்லு. நம்ம கூட வண்டியில வரட்டும்."

"அக்கா, நாலு பேருக்குத்தான் அட்டை. இவங்க யாருன்னே தெரியாது."

"கரமடி இழுக்கும்போ யாருன்னா கேக்கோம்?" என்றாள்.

இதற்கு மேல் எங்கள் கரைக்காரர்களோடு பேச முடியாது. கரமடி என்பது கடலில் வளைத்துவிட்டுக் கரையில் நின்று கயிறு பிடித்து இழுக்கிற பெரிய வலை. இழுக்க ஆள் எவ்வளவு இருந்தாலும் காணாது. அந்த வழியாகப் போகிறவன் யாராக இருந்தாலும், டீ குடிக்க வந்த போலீஸ்காரனாக இருந்தாலும், கயிற்றில் கை வைத்துவிட்டால் அவனுக்கு மீனில் பங்கு உண்டு. கொடுக்காமல் விட்டால் அந்த வலைக்காரன் கரையில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. அக்காவுக்குச் சக்கர நாற்காலியின் கைப்பிடியும் அந்தக் கயிறுதான். கான் பாய் முந்திரிக்கொத்தைக் கடித்து, பல்லைத் தடவிப் பார்த்து, இன்னொன்று எடுத்தார்.

நேரம் வந்தபோது பிரிட்டோவும் தேறி வந்து சேர்ந்தான். ஐந்து பேராகப் பக்கத்து வாசலில் போய் நின்றோம். அங்கே நின்ற பையன் அட்டையைப் பார்த்தான், எங்களை எண்ணினான், மறுபடி எண்ணினான். நாலுதான் என்றான்.

பிரிட்டோ அவசரப்பட்டுவிட்டான். "எல்லாரும் ஒரே குடும்பம்" என்றான். பையன் லோர்னாவைப் பார்த்தான். "மாமி" என்றான் பிரிட்டோ. பையன் அண்ணாந்து கான் பாயைப் பார்த்தான். பிரிட்டோவுக்கு அதற்கு மேல் உறவுமுறை ஓடவில்லை. பையன் வாக்கி டாக்கியில் யாரையோ கூப்பிட்டான்.

தலையில் துணி கட்டிய ஒரு மேற்பார்வைக்காரம்மா வந்தாள், எகிப்துக்காரி. அட்டையை அக்காவின் கையிலிருந்து வாங்கிப் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். பொய் சொல்லி ஆட்களைச் சேர்த்தால் அட்டையை எடுத்துக்கொள்வோம் என்று அதில் இருந்தது. உள்ளே வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. அக்கா அந்தச் சத்தம் வந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோயில் மைதானத்தில் ராட்டினத்துக்குக் கீழே நிற்கும்போது அவள் முகம் எப்படிப் போகுமோ அப்படியே போனது. எனக்கு அழுகை வந்துவிட்டது, கோபமும் வந்தது, பிரிட்டோவை இரண்டு அறை அறையலாம் போல இருந்தது.

"ஏட்டி, உள்ளத அவகிட்ட சொல்லு" என்றாள் அக்கா.

சொன்னேன். கடல், வலை, கயிறு, போலீஸ்காரன் எல்லாவற்றையும் சொன்னேன். பதினாறு வருட இங்கிலீஷ் டீச்சர் வேலைக்கு அன்றைக்குத்தான் பரீட்சை. அந்த அம்மா கடைசிவரை கேட்டாள். பிறகு அட்டையை அக்காவிடமே திருப்பிக் கொடுத்தாள். "அழகான வழக்கம். ஆனால் என் வண்டிக்கும் வழக்கம் உண்டு. உங்களோடு மூன்று பேர். யாரென்று நீங்களே சொல்லுங்கள்."

லோர்னாவும் கான் பாயும் புரிந்துகொண்டு விலகப் போனார்கள். நான் பெரிய மனது பண்ணி, அவர்களைப் பார்த்து வருத்தமாகச் சிரித்தேன்.

"லோர்னா, கான் பாய், பிரிட்டோ" என்றாள் அக்கா. "ஜெசி, நீ இங்கன நில்லு."

"நானா?"

"நீ தள்ளினியா?"

"பையத் தூக்கினேன்லா."

"அது உனக்க பையி."

பிரிட்டோ வேறு பக்கம் திரும்பிச் சிரித்தான், பாவி. அந்த எகிப்துக்காரிக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் அவளும் சிரித்தாள். அக்காவிடம் இரண்டே கேள்வி கேட்டாள்: நாற்காலியிலிருந்து நீங்களே இருக்கைக்கு மாறுவீர்களா, வண்டி மேலே நின்றுவிட்டால் ஒருவர் துணையோடு படியில் இறங்குவீர்களா. "படிப்படியா குண்டியில இருந்து இருந்து இறங்குவேன், எங்க கோயில் கோபுரத்துலயிருந்து அப்பிடித்தான் இறங்கினேன்" என்று பதில் வந்தது. முடியும் என்கிறார் என்று மொழிபெயர்த்தேன். காலிப்பரைக் கழற்ற வேண்டும் என்றார்கள். அக்கா தானே கழற்றி என் கையில் தந்தாள். அதை முதல் தடவையாகத் தூக்கிப் பார்க்கிறேன், நல்ல கனம்.

கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். வண்டி மெதுவாக ஏறியது, உச்சியில் ஒரு நொடி நின்றது, பிறகு விழுந்தது. கான் பாய் அல்லாவைக் கூப்பிட்டார், லோர்னா மாதாவைக் கூப்பிட்டாள், பிரிட்டோ யாரையும் கூப்பிடும் நிலைமையில் இல்லை. அக்காவின் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது. அது பயந்த சத்தமில்லை. கரையில் வள்ளம் வந்து முட்டும்போது பெண்கள் போடுகிற கூவல் அது. நானும் இங்கிருந்து கூவினேன். பக்கத்தில் நின்றவர்கள் தள்ளி நின்றார்கள்.

இறங்கி வந்தபோது கொண்டை அவிழ்ந்து முடி முகமெல்லாம் கிடந்தது. சிரித்துச் சிரித்து அவளுக்கு மூச்சு வாங்கியது. காலிப்பரைப் பூட்டிக்கொண்டே திடீரென்று சிரிப்பை நிறுத்தினாள்.

"ஏட்டி, இவ்வளவுதாண்டி. கெட்டி வச்ச இருப்பு, அதுல இருந்தா போதும். காலுக்கு அங்க ஒரு சோலியும் இல்ல. இதுக்கா என்னை இத்தன வருசம் ஏத்தாம விட்டானுவ?"

கடைசி வாரை இழுத்துப் பூட்டினாள். அட்டையை அந்தப் பையனிடம் நீட்டினாள். இன்னொரு தடவைக்கு நேரம் எழுதச் சொன்னாள். அவன் எழுதினான், ஒரு மணி நேரம் கழித்து. பிரிட்டோ, இனி யாராவது தன்னை ஏற்றினால் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விடுவேன் என்றான்.

"ஒரு எடம் இருக்கு" என்றாள் அக்கா, என்னைப் பார்க்காமல். "ஜூஸ் குடிக்கக் கீழ போவோம். திரும்பி வரும்போ இந்த ஏத்தத்துல யாரு தள்ளுதாவளோ அவங்களுக்கு."

கீழே போய் நாலு பேரும் ஜூஸ் குடித்தார்கள். என் ஜூஸைத் தொடாமல் நான் அந்த ஏற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். லோர்னா எழுந்து கைப்பிடிக்கு வந்தபோது நான் அவளுக்கு முன்னால் போய்ப் பிடித்துக்கொண்டேன். பையையும் கேமராவையும் பிரிட்டோ கழுத்தில் மாட்டிவிட்டேன். அக்கா முன்னால் பார்த்தபடியே பேசினாள்.

"நீ எட்டாம் கிளாசுல இருந்தே முன்னாலதான் நடக்குத. எனக்கு உனக்க முதுகு நல்லாத் தெரியும்."

"வெக்கமா இருந்துதுக்கா" என்றேன். "உன்கூட நடக்க எனக்கு வெக்கமா இருந்தது."

"எனக்கு அறியும்" என்றாள். "தள்ளு, நேரமாவுது."

தள்ளினேன். ஏற்றம் நிஜமாகவே ஏற்றம்தான். மூச்சு வாங்கக் குனிந்தபோது அவள் ஜாக்கெட்டின் பின்பக்கத்தைப் பார்த்தேன். காலிப்பர் போட்டு நடந்து நடந்து அவளுக்கு வலது தோள் தாழ்ந்துதான் இருக்கும், ஆனால் முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. எப்படித் தெரியாமல் போனது என்று பின்னாலிருந்து பார்த்தால் தெரிகிறது. வலது பக்கம் உள்ளே துணி வைத்து உயர்த்தி, முதுகின் நடுத் தையலைச் சாய்வாக இறக்கி, ஒரு விரற்கடை இடதுபக்கம் ஒதுக்கி, அவளே அவளுக்குத் தைத்திருக்கிறாள். நூல் அவ்வளவு நுணுக்கமாகப் போகிறது. இந்த ஜாக்கெட் மட்டும் இல்லை, எல்லா ஜாக்கெட்டும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.